கட்டிலில் கிடந்த இரண்டு பேஸ் கிற்றார்கள்

என் இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் விறைக்கத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. முதலில் அது சீமெந்தின் வேலை என்றுதான் நினைத்தேன். நான் மேசன். விழாக்கள் வந்தால் கிளிநொச்சியில் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பேன். சாதாரணக் கிற்றாரைவிட நீளமானது, நான்கு தடித்த கம்பிகள், பாட்டின் அடியில் ஓடுகிற கனத்த சத்தம். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேருக்கு அப்படியொன்று வாசிக்கப்படுவதே தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது. ட்றம்ஸுக்குப் பின்னால், யாருடைய முகத்தையும் பாராமல், நின்றபடி இருபத்தைந்து வருடம் வாசித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு நெரிபடுகிறது, இடது தோளில் பாரம் போடக் கூடாது என்றார்.

"என்ன பாரம் தூக்கிறனீங்கள்?"

கிற்றார் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெடித்த குதிக்காலும் நகத்துக்குள் சீமெந்துமாக வந்து நிற்கிற ஒருவன் கிற்றார் என்று சொன்னால் அந்த மனுசன் என்ன நினைப்பார்? "சீமெந்துப் பை" என்றேன்.

"அப்ப பையை வலது தோளுக்கு மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டு மருந்து எழுதினார்.

பையை மாற்றினேன். கிற்றாரை மாற்ற முடியாது. அதன் பட்டி இடது தோளில்தான் விழும். இரண்டு மணித்தியாலம் நின்று வாசித்தால் தோளில் தொடங்குகிற உளைவு முழங்கை வழியாக இறங்கிக் கடைசி இரண்டு விரல்களில் வந்து நிற்கும். பிறகு அந்த விரல்கள் வேறு யாருடையவோ போல இருக்கும்.

இதைக் குழுவில் நான் சொல்லவில்லை. காரணம், எங்கள் கீபோட்காரனின் இடது கை. குழுவை நடத்துபவனும் அவன்தான், என் பழைய கூட்டாளி. கீபோட்டில் இடது கைப் பக்கத்தில் பேஸ் சத்தத்தை வைத்துக்கொண்டு, வலது கையால் மற்றதை வாசிக்கலாம். இப்போது எங்கள் பக்கத்துக் குழுக்கள் பலவற்றில் அப்படித்தான். குழு போகிற வான் வண்டியில் ஓர் ஆளின் இடம் மிச்சம், சாப்பாட்டுப் பார்சல் ஒன்று மிச்சம். என் தோள் பழுது என்று தெரிந்தால் அவன் என்னைப் போகச் சொல்லமாட்டான். ஆனால் ஒரு நாள் இடது கையால் வாசித்துப் பார்ப்பான். அது நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

இந்த வருட வெயிலுக்கு என் பழைய கிற்றாரின் கழுத்து வளைந்துபோனது. கம்பிகள் எழும்பி நின்றன. அழுத்துவதற்கு இரண்டு மடங்கு பலம் வேண்டியிருந்தது.

"வேறை ஒண்டு பார் மச்சான்" என்றான் கீபோட்காரன். "இல்லாட்டி நான் இடக்கையால சமாளிக்கிறன், நீ சும்மா பக்கத்தில வடிவா நில்."

பகிடிக்குத்தான் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சில நாள் கழித்து அவனே ஒரு செய்தி கொண்டுவந்தான். சுவிஸிலிருந்து வந்த ஒருவர் ஓமந்தையில் தமக்கை வீட்டில் தங்கியிருக்கிறார். அங்கே பல வருடம் பேஸ் வாசித்தவர். இங்கே ஒரு குழு தொடங்கலாம் என்று இரண்டு விலைகூடிய கிற்றார்களோடு வந்தார், சரிவரவில்லை, திரும்பிப் போகிறார். ஒன்றை இங்கேயே விற்றுவிட்டு மற்றதைக் கொண்டுபோவாராம். எது வேண்டும் என்று வாங்குகிறவர் பார்த்து எடுக்கலாம். இரண்டுக்கும் ஒரே விலை, அங்கத்தைய விலையில் கால்வாசிகூட இல்லை. எங்கள் வீட்டுக் கூரைக்கென்று மனுசி மாடு விற்று வைத்திருந்த காசு அதற்குக் காணும்.

அவள் அதைத் தந்தாள். தரும்போது, "இஞ்சாருங்கோ" என்றாள். "பாரம் குறைஞ்சதாப் பாத்து எடுங்கோ. ஒரு கோழியைத் தூக்கிற மாதிரி இருக்கோணும். பேர் பெரிசு, வடிவு பெரிசு எண்டு உங்கட கூட்டாளி சொல்லுவார். நீங்கள் மண்டையை ஆட்டிக்கொண்டு வந்திடாதேங்கோ."

நான் மண்டையை ஆட்டினேன்.

"உதைத்தான் சொன்னனான்" என்றாள்.

என் தோளைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஒவ்வொரு விழாவுக்குப் பிறகும் எண்ணெய் தேய்த்துவிடுகிற கை அவளுடையது.

காலையில் கீபோட்காரனின் மோட்டார் சைக்கிளில் போனோம். ஓமந்தையில் வீதியிலிருந்து உள்ளே கொஞ்சத் தூரம். தமக்கையார் வாசலுக்கு வந்து வரவேற்றார். சுவிஸ்காரருக்கு எங்களைவிடப் பத்து வயது கூட இருக்கும். மெலிந்த ஆள், என்னைப் போலவே கதை குறைவு. அறைக்குள் கட்டிலில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன.

ஒன்று அமெரிக்காவில் செய்தது. என் வயதுதான் அதற்கும் இருக்கும். நடுவில் தேன் நிறம், ஓரங்களில் கறுப்பு, கை பட்டுப் பட்டு மெருகு போன இடத்தில் வெறும் மரம். சிறுவயதில் கசெற் உறைகளில் பார்த்த கிற்றார் அது. கிற்றார் என்றாலே என் மனதில் வருகிற உருவம்.

மற்றது ஜேர்மனியில் செய்தது. துடுப்பை அரைவாசியாக வெட்டியது போலச் சின்னதாக இருந்தது. உள்ளே பற்றறி போட்டு வேலை செய்கிற வகை. கழுத்து முடிகிற இடத்தில் தலையே இல்லை. கம்பியை முறுக்கும் ஆணிகள் கீழே, உடலின் அடியில் இருந்தன.

கீபோட்காரன் குனிந்து பார்த்தான். "இதென்ன அண்ணை, சுங்கத்தில தலையை வெட்டிப்போட்டே தந்தவங்கள்?"

சுவிஸ்காரர் சிரித்தார். தமக்கையார், "நானும் உதைத்தான் கேட்டனான் தம்பி" என்றார். "மூளியாக் கிடக்கு, சாமியறைப் பக்கம் கொண்டு போகாதை எண்டு சொல்லிப்போட்டன். இவன் எண்டால் உதைத்தான் மடியில வைச்சுக்கொண்டு இருப்பான்."

"அக்கா, தேத்தண்ணி" என்றார் சுவிஸ்காரர், கொஞ்சம் அவசரமாக.

நான் சின்னதைத்தான் முதலில் தூக்கினேன். உண்மையாகவே கோழிதான். தோளில் போட்டேன், போட்டது போலவே இல்லை. சுருதி பார்க்க இடது கை தானாகக் கழுத்தின் நுனிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை, கை காற்றைத் திருகிவிட்டுத் திரும்பியது. கீபோட்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். சிறிய அம்பிளிபயர் ஒன்றில் பூட்டி வாசித்தேன். சத்தம் துப்புரவாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"அதை எடுத்துப் பார் மச்சான், அதை" என்று அமெரிக்கக் கிற்றாரைக் காட்டினான் கீபோட்காரன்.

அதைத் தூக்கியதும் தோள் எனக்குச் சொல்லிவிட்டது. இருந்தும் நான் என் பழக்கத்தின்படி அறையில் அலுமாரி எங்கே என்று பார்த்தேன்.

இதைச் சொல்ல வேண்டும். நான் வாசிக்கப் பழகிய வருடங்கள் சண்டைக் காலம், எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றினால் றேடியோ கேட்கலாம், பேஸுக்கு அது காணாது. மின்சாரம் இல்லாவிட்டால் இந்தக் கிற்றார் காதடியில் நுளம்பு இரைகிற அளவு சத்தம்தான் போடும். அதன் தலையை மர அலுமாரியின் கதவில் அழுத்தி, காதையும் கதவில் வைத்தால் அலுமாரி முழுக்கப் பாடும். இரண்டு வருடம் நான் அப்படித்தான் பழகினேன். இன்றைக்கும் ஒரு கிற்றார் நல்லதா கூடாததா என்று அலுமாரியில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். அம்பிளிபயரை நான் நம்புவதில்லை. அது எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லும்.

அறை மூலையில் முதிரை மர அலுமாரி ஒன்று நின்றது. நான் கிற்றாரின் தலையை அதன் கதவில் வைத்துக் காதைக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணித் தட்டத்தோடு தமக்கையார் உள்ளே வந்தார்.

"ஐயோ தம்பி, என்ன செய்யிறியள்? அதுக்குள்ள என்ர சங்கிலி கிடக்கு!"

"பயப்படாதேங்கோ அக்கா" என்றான் கீபோட்காரன். "இவன் களவெடுக்கிற ஆளில்லை. அலுமாரியோட கதைக்கிற ஆள். மனுசரோடதான் கதைக்கமாட்டான்."

எனக்கு முகம் சுட்டது. ஆனால் சுவிஸ்காரர் சிரிக்கவில்லை. "விடுங்கோ அக்கா" என்றார். "நாங்களும் அப்பிடித்தான் பழகினனாங்கள். எங்களுக்கு அது மேசை." பிறகு தமக்கையாரைக் கூட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார். நான் ஆட்களுக்கு முன்னால் வாசிக்கக் கூசுகிறேன் என்று அவருக்கு விளங்கியிருந்தது.

தடித்த கம்பியைத் தட்டினேன். அலுமாரிக்குள் எங்கேயோ ஒரு கோப்பை நடுங்கியது. சத்தம் காதுக்கு வரவில்லை, தாடை எலும்புக்கு வந்தது. கதவு மட்டுமில்லாமல் பின்பலகையும், அதற்குப் பின்னால் சுவரும் சேர்ந்து முனகுவது போல இருந்தது. எத்தனையோ வீடு மாறி, அந்த அலுமாரியும் இல்லாமற்போய், இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டு எவ்வளவு காலம் என்று நினைத்தேன். தலையில்லாததை அலுமாரியில் வைத்துக் கேட்க வழியில்லை. அதன் கழுத்து நுனியை ஒருதரம் வைத்துப் பார்த்தேன். கம்பி மாட்டுகிற இரும்புதான் கதவில் கீறியது. உடனே எடுத்துவிட்டேன்.

பெரியதோடு கால்மணி நேரம் போயிருக்கும். சின்ன விரல் விறைத்தது. அடுத்த விரலும் விறைத்தது. ஓர் இடத்தில் விரல் அழுத்தாமல் விட, சத்தம் செத்து விழுந்தது. கீபோட்காரன் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான். "புதுச் சாமான், பழகோணும்" என்றேன்.

முடிவு எனக்குத் தெரிந்ததுதான். சின்னதை எடுப்பது. எடுத்தால் இன்னும் பத்து வருடம் வாசிக்கலாம், யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பெரியதைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சின்னதை மறுபடி கையில் எடுத்தேன். அப்போதுதான் அதன் பட்டியைப் பார்த்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு வேலைக்குப் போனவன். கிற்றார்ப் பெட்டிகளில் கிடந்த இங்கிலிஸ் கடுதாசிகளை வாசிக்க எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மேசனுடைய கரண்டிகளைப் பார்த்தால், எதை அவன் தினமும் பிடிக்கிறான், எதைச் சும்மா வைத்திருக்கிறான் என்று சொல்லுவேன். சின்னக் கிற்றாரின் பட்டி நாலு விரல் அகலம், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது, தோள் படுகிற இடம் வியர்வையில் கறுத்திருந்தது. முழங்கை படுகிற விளிம்பு பளபளத்தது. கம்பிகள் புதியவை. பெரியதின் பட்டியோ மடித்த இடத்தில் மடிப்பாகவே காய்ந்து கிடந்தது. கம்பிகள் மங்கிப்போயிருந்தன, அவற்றின் அடியில் தூசி. பல வருடமாக அதை யாரும் தோளில் போடவில்லை.

வாசலில் சுவிஸ்காரர் வந்து நின்றார். என் கையில் இருந்த கிற்றாரைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு, "நல்லது தம்பி, உங்களுக்கு உது வசதி" என்றார். சொல்லும்போது அவருடைய வலது கை இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரிந்திருக்காது.

எனக்கு எல்லாம் விளங்கியது. கீபோட்காரன் தொலைபேசியில் எத்தனை கிற்றார் இருக்கிறது என்று கேட்டிருப்பான். இரண்டு என்று அவர் உண்மையைச் சொல்லியிருப்பார். இரண்டு என்று சொன்ன பிறகு, வீட்டுக்கு வருகிற ஆளுக்கு ஒன்றை ஒளித்துவைத்து ஒன்றை மட்டும் காட்ட எங்கள் ஆட்களால் முடியாது. இது எனக்கு வேண்டும் என்றும் வாய் திறந்து சொல்லமாட்டோம். இரண்டையும் கட்டிலில் வைத்துவிட்டு, வருகிறவன் மற்றதை எடுக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு நிற்போம். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பேசாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கீபோட்காரன் பக்கத்திலேயே இருந்தான். கேட்டால் என் தோள் விசயம் அவனுக்கும் தெரிந்துவிடும். அது தெரிந்தும் ஏன் கேட்டேன் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. களைப்பாக இருந்தது. ஒரு வருடமாக மறைத்த களைப்பு.

"அண்ணை, உங்களுக்கு எந்தத் தோள்?" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார், அதைக் கீழே விட்டார். "இடது. பன்ரெண்டு வருசமாச்சு. ரெஸ்ரோறண்ட் குசினியில பெரிய சட்டியள் தூக்கி."

"எனக்கும் இடது. விரல் ரெண்டும் விறைக்கிறது."

பின்னால் கீபோட்காரனின் கைத்தொலைபேசியில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ நின்றது.

"அப்ப சின்னதையே எடுங்கோ தம்பி" என்றார் அவர். "நான் அங்க போய் வேறை ஒண்டு பாப்பன். அங்க எல்லாம் கிடைக்கும்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். டொக்டரிடம் சீமெந்துப் பை என்று சொன்ன குரல்.

"வேண்டாம் அண்ணை. எனக்குப் பெரிசு பிடிச்சிருக்கு."

அவர் பிறகும் இரண்டு மூன்று தரம் சொன்னார். நான் சின்னதை அதன் பெட்டியில் திரும்ப வைத்தேன். இதை எழுதும்போது என்னை நல்லவனாகக் காட்ட விருப்பமில்லை. அந்த அலுமாரிச் சத்தம் இல்லாவிட்டால் நான் அவருடைய தோளுக்காக மட்டும் பெரியதை எடுத்திருப்பேனா தெரியாது. இரண்டும் சேர்ந்துதான்.

புறப்படும்போது சுவிஸ்காரர் சின்னக் கிற்றாரின் அகலப் பட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "இதையெண்டாலும் கொண்டுபோங்கோ" என்று பெரியதில் தானே பூட்டிவிட்டார். தமக்கையார், "எங்கட அலுமாரி என்ன சொன்னது தம்பி?" என்று கேட்டார். "நல்ல மரம் அக்கா" என்றேன்.

மாங்குளம் வரைக்கும் கீபோட்காரன் மெதுவாகவே ஓட்டினான். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினான். பெட்டியை அவனே தூக்கிக் கதிரையில் சாத்தினான்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருசம்."

"ஏன்டா சொல்லேல்லை?"

"உன்ர இடக்கையை நினைச்சு."

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "என்ர இடக்கைக்கும் வயசு போச்சு, விசரா. விடிய எழும்பினா மடங்காது. எங்கட கோஷ்டியில முழு ஆள் எண்டு ஒருத்தன் இருக்கிறானே?"

அதற்கு மேல் அவன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வாசிக்கலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் மனுசி பெட்டியை ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"இது கோழியோ?"

நான் பெட்டியைச் சுவரோடு சாத்தினேன்.

"கண்டுக்குட்டியெல்லோ. மாட்டை வித்துக் கண்டுக்குட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்."

நடந்ததைச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டாள். "அந்த மனுசனுக்கு நோகக் கூடாது, உங்களுக்கு நோகலாம், என்ன?" என்றாள். இரண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை. எண்ணெய் மட்டும் தேய்த்துவிட்டாள், முன்னையைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.

அதன்பிறகு வந்த முதல் நிகழ்ச்சி புதுக்குடியிருப்பில், ஒரு மண்டபத்தில், வயதுக்கு வந்த பிள்ளை ஒருத்திக்குச் சாமத்தியச் சடங்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரம். சாமான்களைப் பூட்டி முடித்ததும் கீபோட்காரன் என்னைப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் எனக்காகக் கேட்கமாட்டான் என்று விளங்கியது. மேடையிலிருந்து இறங்கி மண்டபத்துக்காரரிடம் போனேன்.

"ஒரு கதிரை தாங்கோ. எனக்கு நிண்டு வாசிக்க ஏலாது."

இருபத்தைந்து வருடத்தில் மேடையைப் பற்றி நான் ஒருவரிடம் கேட்ட முதல் சாமான் அது. அவர் இதற்கு ஏன் இந்த ஆள் இப்படி வியர்க்கிறான் என்பது போலப் பார்த்துவிட்டு, விருந்தினர் கதிரை ஒன்றை இழுத்துத் தந்தார். வெள்ளைத் துணி போர்த்து, முதுகில் சிவப்பு நாடா பூப்போலக் கட்டியது. ட்றம்ஸுக்குப் பின்னால் அதில் மாப்பிள்ளை போல உட்கார்ந்தேன். கிற்றாரின் பாரம் தொடையில் இறங்கியது. பட்டியைத் தளர்த்திவிட்டேன்.

இருந்து வாசித்ததால் ஓமந்தையைவிடக் கூட நேரம் தாக்குப்பிடித்தது. ஏழு பாட்டு. எட்டாவதில் விறைப்பு வந்தது. மறைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் வலது கையைக் கொஞ்சம் உயர்த்தினேன். கீபோட்காரன் திரும்பிப் பார்த்தான், தலையாட்டினான். அடுத்த பாட்டில் பேஸ் அவனுடைய இடது கையிலிருந்து வந்தது. ஒரு வருடமாக நான் பயந்திருந்த சத்தம். நன்றாகத்தான் இருந்தது. மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை.

என் பக்கத்தில் மரத்தால் செய்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி நின்றது. கிற்றாரின் தலையை அதில் சாத்தினேன். அவன் வாசிப்பது அதன் கழுத்து வழியாக வந்து என் தொடையில் அதிர்ந்தது. அவனுடைய இடது கை கொஞ்சம் அவசரப்படுகிறது, ஒவ்வொரு முறையும் ட்றம்ஸுக்கு ஒரு மயிரிழை முன்னால் விழுகிறது. வேறு யாருக்கும் அது தெரியாது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டு இருந்தேன். சின்ன விரலுக்கு உணர்வு வர இரண்டு பாட்டு எடுத்தது. பதினோராவது பாட்டில் திரும்பச் சேர்ந்துகொண்டேன்.